ஊதாங்குழல் தேவைப்படாத அடுப்பு

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மரத்தூள் அடுப்பு நினைவிருக்கும். ஒரு இரும்பு டின்னின் நடுவே உருட்டுக்கட்டை ஒன்றை நிறுத்துவார்கள். கீழே பக்கத்து ஓட்டை வழியாக இன்னொன்றைச் செருகுவார்கள். சுற்றிலும் மரத்தூளையோ உமியையோ கொட்டி இடித்து இறுக்கிவிட்டு, இரண்டு கட்டைகளையும் ஆடாமல் அசையாமல் உருவினால் உள்ளே ‘ட’ எழுத்தைப் போல ஒரு துளை கிடைக்கும். பற்றவைத்தால் மணிக்கணக்கில் ஒரே சீராக எரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஊத வேண்டாம், விறகைத் தள்ள வேண்டாம். டீக்கடைக்காரர்கள் அதை விரும்பியதற்குக் காரணம் அதுதான்.

அந்த அடுப்பில் இரண்டு உண்மைகள் இருந்தன. எரிபொருளின் அளவும் இறுக்கமும் ஒரே மாதிரி இருந்தால் தீ அடங்கி நடக்கும். காற்று போகும் வழியைத் தீர்மானித்துவிட்டால் புகை குறையும். இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு பிறந்த பேரப்பிள்ளைதான் இன்றைய பெல்லெட் அடுப்பு.

பெல்லெட் என்பது என்ன?

கோழித் தீவனக் குச்சியைப் பார்த்திருப்பீர்கள். பெல்லெட்டும் பார்க்க அப்படித்தான் இருக்கும்: 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன், ஓரிரு சென்டிமீட்டர் நீளம், பழுப்பு நிறம், விரலால் நசுக்கினால் நசுங்காத கெட்டி. மரத்தூள், கரும்புச் சக்கை, வேர்க்கடலை ஓடு என எதிலிருந்தும் செய்யலாம்.

ஆந்திரத்தில் எங்கள் சித்தூர்ப் பக்கம் வேர்க்கடலை ஓட்டுக்குப் பஞ்சமில்லை. 1911இல் தனி மாவட்டமாகும்வரை இந்த ஊர் வட ஆற்காட்டின் தலைமையிடம். அந்தச் சொந்தம் இன்னும் பேச்சில் இருக்கிறது. இங்குள்ள தமிழர் வாயில் வேர்க்கடலை ‘மல்லாட்டை’தான். மானாவாரி நிலத்தின் முதன்மைப் பயிர் அதுவே. திருப்பதியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு ‘நாராயணி’, ‘காளஹஸ்தி’, ‘தரணி’ என்றெல்லாம் பெயர். நூறு கிலோ காயை உடைத்தால் பருப்பு எழுபது கிலோ, ஓடு முப்பது கிலோ என்பது சுமாரான கணக்கு. உடைக்கும் மிஷின் இருக்கும் இடமெல்லாம் ஓடு குன்றாகக் குவியும்.

அந்த ஓட்டை அப்படியே அடுப்பில் போடலாமே என்று தோன்றும். போடலாம், குபீரென்று பிடித்து, புகைந்து, அடுத்த கைப்பிடி எங்கே என்று கேட்கும். ஓட்டுக் குவியலில் இருப்பது பெரும்பாலும் காற்று. லாரியில் ஏற்றினாலும் காற்றுக்குத்தான் வாடகை கொடுப்போம். அதை உலர்த்தி, தூளாக்கி, துளையுள்ள எஃகு அச்சின் வழியே உருளைகளால் நெட்டித் தள்ளினால், உராய்வில் கிளம்பும் சூட்டில் தாவர நாரில் இயற்கையாகவே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகும். இளகியது ஆறும்போது தூளைப் பிணைத்துக்கொள்ளும். பசை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. ஐந்தாறு மூட்டை ஓடு ஒரு மூட்டைக்குள் அடங்கிவிடும். ஈரம் பத்து சதவீதத்துக்குள் நிற்கும். ஆனால் வேர்க்கடலை மண்ணுக்குள் விளைவது. ஓட்டில் ஒட்டிவரும் மண் அச்சைத் தேய்க்கும், சாம்பலையும் கூட்டும். நல்ல பெல்லெட் செய்பவர் முதலில் மண்ணைச் சலித்து எடுப்பார்.

எரிவது விறகு அல்ல, ஆவி

விறகு எரிகிறது என்கிறோம். உண்மையில் சூடேறிய விறகிலிருந்து வெளிவரும் ஆவிதான் சுவாலையாக எரிகிறது. முதலில் ஈரம் போகும். இருநூறு டிகிரியைத் தாண்டியதும் விறகு சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களையும் தார் ஆவியையும் விடும். கடைசியில் மிஞ்சும் கரி தணலாகக் கனலும். நடுவில் வந்த ஆவிக்குப் போதிய காற்றும் சூடும் கிடைத்தால் சுவாலை, கிடைக்காவிட்டால் புகை. நம் அம்மாக்களின் கண்ணைக் கரித்த புகை முழுவதும் எரியத் தவறிய எரிபொருள். ஊதாங்குழலால் ஊதியபோது அவர்கள் செய்தது, அந்த ஆவிக்குக் காற்றை எட்டவைத்ததுதான். மூச்சு வாங்கிய நேரத்தில் மறுபடியும் புகைந்தது.

பெல்லெட் அடுப்பில் அந்த வேலையைச் சின்ன மின்விசிறி ஒன்று ஓயாமல் செய்கிறது. விசிறியின் காற்று இரண்டாகப் பிரியும். கொஞ்சம் காற்று அடியிலிருந்து பெல்லெட் படுகைக்குள் போகும். மீதி, அடுப்பின் மேல்விளிம்பைச் சுற்றியுள்ள துளைகள் வழியாகப் பாயும். பற்றவைப்பது மேலே. தீ மெல்லக் கீழிறங்க, ஆவி மேலெழும். எழும் வழியில் ஏற்கெனவே கரியாகிச் சிவந்திருக்கும் அடுக்கைக் கடக்க வேண்டும். அந்தச் சூட்டில் தாரின் பெரும்பகுதி உடைந்து எரிவாயுவாகிவிடும். விளிம்பில் புதிய காற்று பட்டதும் அது கேஸ் அடுப்பைப் போலச் சுற்றிலும் எரியும். விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் தீயும் கூடும், குறையும்.

இதற்கு விறகுத் துண்டு ஒத்துவராதா? பெரிதும் சிறிதுமாக, ஈரமும் காய்ந்ததுமாகப் போட்டால் காற்று ஒரு பக்கம் மட்டும் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். தீ சீராக இறங்காது. ஆகவே இந்த அடுப்பின் பாதி நுட்பம் அடுப்பில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது.

குளிர்நாட்டு அண்ணன்

ஐரோப்பாவிலோ கனடாவிலோ உள்ள உறவினர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு வைத்த பெல்லெட் அடுப்பைச் சிலர் பார்த்திருக்கலாம். அது சமைக்க அல்ல, வீட்டைச் சூடாக்க. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1980களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கி, பிறகு இத்தாலி, ஆஸ்திரியா நாடுகளில் வேரூன்றியது. முதுகில் பெல்லெட் தொட்டி. அங்கிருந்து திருகாணி போன்ற தண்டு சுழன்று, எரிகலத்துக்குள் சிறிது சிறிதாகத் தள்ளும். அறை வெப்பநிலையைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். புகைக்குழாய் வீட்டுக்கு வெளியே போகும். அங்கே முதல்தரப் பெல்லெட்டில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடலை ஓட்டில் அதைவிடப் பல மடங்கு சாம்பல்; நெல் உமியிலோ இருபது சதவீதம் வரை. அந்த அடுப்பை இங்கே இறக்குமதி செய்து நம் பெல்லெட்டைப் போட்டால் எரிகலம் சீக்கிரமே சாம்பலில் மூச்சு முட்டும்.

சித்தூர், திருப்பதி வீடுகளுக்கு அறையைச் சூடாக்கும் அவசியமும் இல்லை. மதனப்பள்ளியிலும், 1,200 மீட்டருக்கும் மேலான ஹார்ஸ்லி மலையிலும் மார்கழிக் குளிர் கடிக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கும் குளிருக்கு வீடு கேட்பது வெந்நீர்தான். நடுவே குழாய் வைத்த செம்பு பாய்லரில் சுள்ளி எரித்த பழக்கம் நமக்கு உண்டு. ஒரு கணக்குப் போடலாம். 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற 400 கிலோகலோரி வேண்டும். ஒரு கிலோ பெல்லெட்டில் சுமார் 4,000 கிலோகலோரி. நூற்றுக்கு நாற்பது பங்கு வெப்பம் தண்ணீரில் சேர்ந்தாலும் கால் கிலோ பெல்லெட் போதும்.

அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர்காயலாமா என்றால், கூடவே கூடாது. சுவாலை அடங்கி, கரி மட்டும் கனலும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கொடைக்கானலில் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் விடியலில் எழுந்திருக்காத செய்தியை நாம் படித்திருக்கிறோம்.

பெங்களூரில் பிறந்த ஊர்ஜா

சமையலுக்கான பெல்லெட் அடுப்பில் உலகம் பேசிய பெயர் ஒன்று சித்தூருக்கு மேற்கே, பெங்களூரில் உருவானது. இந்திய அறிவியல் கழகத்தில் எச்.எஸ். முகுந்தாவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் வளர்த்த வடிவமைப்பை பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபி எடுத்து, ‘ஊர்ஜா’ என்ற பெயரில் 2006இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. உட்புறம் பீங்கான் பூச்சு, அடியில் சார்ஜ் செய்யும் பேட்டரியும் விசிறியும். ஒரு முறை 600 கிராம் பெல்லெட் நிரப்பினால் சுமார் ஒரு மணி நேரம் எரியும். ஆய்வகத்தில் அதன் வெப்பத் திறன் 50 சதவீதத்தை ஒட்டி வந்தது. மூன்று கல் அடுப்பில் பத்துப் பதினைந்து சதவீதம் கிடைத்தாலே அதிகம். விசிறி வைத்த அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு பின்னர் விதித்த குறைந்தபட்சமே 35 சதவீதம்தான்.

மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு என நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் விற்றன. 2009இல் அந்தத் தொழில் பிபியிடமிருந்து புனேயின் ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் கைக்குப் போனது. பிறகு வீடுகளில் ஊர்ஜா ஒவ்வொன்றாகப் பரணுக்கு ஏறியது. அடுப்பு கெட்டுப்போனதால் அல்ல. பெல்லெட் விலை ஏறியதால். கரும்புச் சக்கையும் கடலை ஓடும் கழிவாகக் கிடந்தவரை மலிவு. கழிவு என்பது வாங்குகிறவர் வரும்வரைதான். கொதிகலன் வைத்த ஆலைகளும் அதே சரக்கைத் தேடி வந்தபோது விலை எகிறியது. ஊர்ஜா வாங்கியவர்களில் பலரிடம் கேஸ் அடுப்பும் இருந்தது. சிலிண்டரை மிச்சம் பிடிக்க வாங்கியவர்கள், மிச்சம் இல்லையென்றானதும் கேஸுக்கே திரும்பிவிட்டார்கள். விறகைத் தவிர வேறு வழியில்லாதவர்களோ, காட்டில் இலவசமாகக் கிடைக்கும் சுள்ளியை விட்டுக் காசு கொடுத்துப் பெல்லெட் வாங்கத் தயங்கினார்கள். நிறுவனம் கடைசியில் ஓட்டல்கள், விடுதிச் சமையலறைகள் பக்கம் திரும்பியது.

சித்தூரிலும் இதே போட்டி உண்டு. கடலை ஓட்டைச் செங்கல் சூளை கேட்கும், கொதிகலன் கேட்கும். மாம்பழக் கூழ் ஆலைகள் ஆனி, ஆடியில் ஓடத் தொடங்கினால் அவற்றின் நீராவிக்கும் எரிபொருள் வேண்டும். வீட்டு அடுப்புக்கு மிஞ்சுவது எவ்வளவு, எந்த விலைக்கு என்பதுதான் கேள்வி.

திருமலைக் கோயில் மடைப்பள்ளியோ பெல்லெட் பக்கம் வரவே இல்லை. லட்டு தயாராகும் ‘போட்டு’வில் 1984 வரை விறகு எரிந்தது, பிறகு நேராக எல்பிஜி வந்தது. 2002இல் அன்னதானக் கூடத்துக்காக 106 சூரியக் கிண்ணங்களை நிறுவி நீராவியில் சோறு வடித்தார்கள். பண பலமும் தினசரித் தேவையும் உள்ள சமையலறை எந்த எரிபொருளையும் ஒப்பந்தம் போட்டு வரவழைத்துக்கொள்ளும். வீடு அப்படி அல்ல.

வாங்கும் முன் ஒரு வகுத்தல்

பழைய அடுப்பை மாற்றிப் புதிய பெல்லெட் அடுப்பு வாங்க நினைப்பவர் முதலில் போட வேண்டிய கணக்கு இது. ஒரு கிலோ எல்பிஜியில் சுமார் 11,000 கிலோகலோரி; கேஸ் அடுப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும். பெல்லெட்டில் 4,000, நல்ல அடுப்பு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்கும். ஆக, ஒரு கிலோ கேஸுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பெல்லெட் சமம். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் என்றால் 57 கிலோ. 19 கிலோ வணிகச் சிலிண்டர் என்றால் 76 கிலோ. சிலிண்டருக்கு நீங்கள் கொடுக்கும் தொகையை இந்த எண்ணால் வகுங்கள். வரும் விலைக்குக் கீழே பெல்லெட் கிடைத்தால் லாபம். மேலே போனால் நட்டம். மானியத்திலோ இலவசமாகவோ சிலிண்டர் வாங்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு எளிதில் ஒத்துவராது. வணிகச் சிலிண்டர் வாங்கும் மெஸ், கல்யாண மண்டபம், பலகாரக் கடை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும்.

கணக்கு ஒத்துவந்தால் இன்னும் சில விஷயங்கள். வீட்டு அடுப்பில் ஒருமுறை நிரப்பியது தீரும்வரை நடுவில் கொட்ட முடியாது. எனவே என்ன சமைக்கிறோம் என்று திட்டமிட்டுக்கொள்ள வேண்டும். பேட்டரி இறங்கினால் அது வெறும் புகை அடுப்பு. சாம்பலைத் தினமும் தட்ட வேண்டும். அது பாத்திரம் துலக்கவும் தோட்டத்துக்கும் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பட்ட பெல்லெட் உப்பி உதிர்ந்து மறுபடியும் தூளாகிவிடும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து மூடுங்கள்.

கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டுவார். நீலமும் மஞ்சளுமாகச் சுவாலை சுற்றிவருவதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து முடித்ததும் அவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இந்தப் பெல்லெட் எங்கே தயாராகிறது, போன வருஷம் மூட்டை என்ன விலை, மழைக்காலத்திலும் கிடைக்குமா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மட்டும் அடுப்பின் விலையைப் பேசத் தொடங்குங்கள்.