கடன் பரிந்துரைக்குப் பின்னால் இருக்கும் கமிஷன்

பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்து, ஓ.டி.பி.யைத் தட்டினால் போதும். 300-க்கும் 900-க்கும் இடையில் நம் கிரெடிட் ஸ்கோர் திரையில் வந்துவிடுகிறது. அதற்குக் கீழேயே, 'உங்களுக்கு ஏற்ற கடன்கள்' என்று ஒரு வரிசை. ஸ்கோர் பார்க்க நம்மிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. இந்த ஒப்பீட்டுச் செயலிகளுக்குப் படியளப்பவை, நாம் கடன் வாங்கினால் வட்டி பார்க்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். ஆகவே, ஸ்கோரை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்; கடன் வரிசையைத் தரகர் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தரகர் சொல்வதெல்லாம் பொய்யாக இருக்காது. ஆனால், அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் யார் என்பதை மறந்துவிட்டு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

இது வெறும் சந்தேகம் அல்ல. அமெரிக்காவின் 'கிரெடிட் கர்மா' என்ற கிரெடிட் ஸ்கோர் செயலி மீது அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2022-ல் நடவடிக்கை எடுத்தது. 'ப்ரீ-அப்ரூவ்டு' என்று சொல்லப்பட்டதை நம்பி விண்ணப்பித்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் நிராகரிக்கப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 'வாய்ப்பு மிக அதிகம்' என்பதைவிட 'ப்ரீ-அப்ரூவ்டு' என்ற சொல்லைத்தான் அதிகம் பேர் தட்டுகிறார்கள் என்பதை நிறுவனமே சோதித்து அறிந்திருந்தது என்றும் கமிஷன் கூறியது. 30 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கு தீர்க்கப்பட்டது. 2020-ல் 'லெண்ட்எஜு' என்ற ஒப்பீட்டுத் தளம், நடுநிலையானது என்று சொல்லிக்கொண்டே தரவரிசையில் இடங்களைக் காசுக்கு விற்றதாக வந்த புகாரில் 3.5 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. விண்ணப்பித்து நிராகரிக்கப்படுபவருக்கு ஏமாற்றம் மட்டும் மிச்சமாவதில்லை. நம் ஸ்கோரை நாமே பார்த்தால் அது குறையாது; ஆனால், கடன் கேட்டு விண்ணப்பித்ததும் வங்கி நம் அறிக்கையைப் பார்ப்பது பதிவாகிறது. அத்தகைய பதிவுகள் அடுத்தடுத்துச் சேர்ந்தால் ஸ்கோர் இறங்கும்.

தகவல் பகிர்வு இன்னும் கவலைக்குரியது. கடன் கொடுப்பவர்களிடம் சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிய விண்ணப்பங்களில் பெரும்பகுதியைக் கடன் கொடுக்காத மார்க்கெட்டிங் நிறுவனங்களுக்கு விற்றதாக 'ஐடிமீடியா' என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது அதே ஃபெடரல் டிரேட் கமிஷன் புகார் கூறியது. 2022-ல் அது 15 லட்சம் டாலரில் முடிந்தது. சம்பளம், முகவரி, இருக்கும் கடன்கள் எல்லாம் ஒருவர் கைக்குப் போனால், அவருக்கு எப்போது பணமுடை என்பதும் கூடவே போய்விடுகிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போன் செய்பவரிடம் பேரம் பேசி வட்டியைக் குறைப்பது லேசான காரியம் அல்ல.

இந்தச் செயலிகளால் நன்மையே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. தெரிந்த ஒரே வங்கியில் போய் நிற்பதைவிட, கந்துவட்டிக்காரரிடம் சிக்குவதைவிட, நாலு இடத்து வட்டியைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால், திரையில் பெரிய எழுத்தில் தெரியும் வட்டி மட்டும் ஒப்பீடு ஆகாது. 14 சதவீத வட்டியில் ஓராண்டுக்கு 1 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 8,979 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 3 சதவீதம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என 3,540 ரூபாயைப் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 96,460 ரூபாய்தான். தவணையோ முழு 1 லட்சத்துக்கும் கட்ட வேண்டும். கணக்குப் போட்டால் உண்மையான ஆண்டுச் செலவு சுமார் 21 சதவீதம். கட்டணமே இல்லாத 16 சதவீதக் கடன் இதைவிட ஏறக்குறைய 2,400 ரூபாய் மலிவு; வட்டியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் அது இரண்டாம் இடத்தில் இருக்கும். இந்த உண்மைச் செலவைக் காட்டும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' (கே.எஃப்.எஸ்.) என்ற அறிக்கையைக் கடன் ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து புதிய சில்லறைத் தவணைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் விதி. அதைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஆண்டுச் செலவு விகிதத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ரிசர்வ் வங்கி கண்காணிக்கும்போது பயம் எதற்கு என்றும் சொல்லலாம். அதன் 2025 விதிகள் நல்ல விதிகள்தான்: பொருந்தும் சலுகைகளை எல்லாம் ஆண்டுச் செலவோடு, பாரபட்சமின்றிக் காட்ட வேண்டும்; போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக் கூடாது; கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தகவலை அழிக்கச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால், பாரபட்சம் பார்க்கக் கூடாது என்ற விதி, செயலியோடு ஒப்பந்தம் போட்ட நிறுவனங்களுக்கு இடையில்தான். ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் நகைக்கடன் அந்த வரிசையில் வராது. ஸ்கோர் பார்ப்பதற்கும் இந்தச் செயலிகளையே நம்பியிருக்கத் தேவையில்லை: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கிரெடிட் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும்.

எச்சரிக்கையாக இருக்கும் பொறுப்பை மக்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. மியூச்சுவல் ஃபண்டில் விநியோகஸ்தருக்குப் போன கமிஷனை முதலீட்டாளரின் கணக்கு அறிக்கையில் ரூபாயாகவே காட்ட 2016-லேயே ஏற்பாடு செய்தது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி. அதனால் அந்தத் தொழில் படுத்துவிடவில்லை. சேமிப்பவருக்குச் சொல்ல முடிந்ததைக் கடன் வாங்குபவருக்கும் சொல்ல முடியும். ஒவ்வொரு கடன் சலுகைக்கும் அருகில், அதை விற்றுக்கொடுத்தால் செயலிக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பதை அச்சிடும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும். அதுவரை 'பரிந்துரை' என்ற பெயரில் வருவதை விளம்பரமாக எடுத்துக்கொள்வதே நமக்குப் பாதுகாப்பு.