பருத்தியின் தாகம்

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் எங்கள் ஆஸ்டின் டவுன் மொட்டை மாடிகளைப் பார்த்தால் துணிகளின் குணம் தெரிந்துவிடும். நாள் முழுதும் மந்தாரம், இடையிடையே தூறல். டெரிகாட்டன் சட்டை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. பருத்தி வேட்டியோ மறுநாளும் ஈரத்தோடு தொங்குகிறது. "இந்தக் காட்டனே வேண்டாம்" என்று வீடுகளில் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் காயவிடாத அந்தக் குணத்தினால்தான் பருத்திக்கு இத்தனை உபயோகம்.

பருத்தி இழை, விதையின்மேல் வளரும் ஒரு நுண்குழாய். காய் வெடித்து உலர்ந்ததும் அது தட்டையாகி, முறுக்கிய நாடாபோல் ஆகிறது. முறுக்கு இருப்பதால் இழையோடு இழை பற்றி நூலாகிறது. இழையின் பொருளான செல்லுலோஸ் தண்ணீரை இழுக்கும். உலர்ந்ததாகத் தோன்றும் பருத்தித் துணியும் காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் ஏற்றிருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. வியர்வையைப் பருத்தி பனியன் வாங்கிக்கொள்வது இதனால்தான். நனைந்தால் ரேயான் வலு இழக்கும். பருத்தி நூலுக்கோ வலு கூடும். துவைக்கிற கல்லில் அடிபட்டும் வேட்டி உழைக்கிறதே!

ரயில்வேயில் பழைய வண்டிகளின் அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய நூல் கழிவைத் திணித்து வைப்போம். அது கீழேயுள்ள எண்ணெயை உறிஞ்சிச் சுழலும் அச்சுக்கு ஊட்டும். குத்துவிளக்குத் திரி செய்கிற வேலைதான். ரோலர் பேரிங் வந்தபின் அது போயிற்று. கை துடைக்கும் காட்டன் வேஸ்ட் மட்டும் போகவில்லை.

பஞ்செல்லாம் இப்படி உறிஞ்சுமா என்றால், இல்லை. தலையணையில் அடைக்கும் இலவம் பஞ்சு தண்ணீரில் மிதக்கும். பறித்த பருத்தியிலும் இயற்கை மெழுகு உண்டு. காரக் கரைசலில் வேகவைத்து அதை நீக்கியபின்தான் மருத்துவப் பஞ்சு ஆகும். புதுத் துண்டு ஈரத்தைச் சரியாக ஒற்றாவிட்டால் கடைக்காரரைக் கோபிக்க வேண்டாம். மேல் பூச்சு போக இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

1884-இல் தொடங்கி, பின்னி மில் என்று பெயர்பெற்ற ஆலை முதலாகப் பெங்களூர் ஆலைகளில் நம்மவர்கள் பலர் உழைத்தார்கள். துணியைத் தொட்டே வகை சொல்வார்கள். அந்தக் கைகள் குறைந்துபோன இந்நாளில், துணியில் ஒட்டிய 'காட்டன்' சீட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையும் மெல்லிய சாம்பலும். பாலியெஸ்டரானால் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

அந்த மணிதான் சமையலறையில் எமன். உருகிய பாலியெஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு புண்ணை ஆழமாக்கும். பருத்தி உருகாது. அதற்காகப் பருத்தி தீப்பிடிக்காது என்று எண்ணிவிடக் கூடாது, வேகமாகவே பிடிக்கும். அடுப்பருகே பருத்தி உடுத்தினாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வது அவசியம். பாத்திரம் இறக்கும் பிடிதுணியும் காய்ந்திருக்கட்டும். ஈரத் துணி சூட்டை உடனே கைக்குக் கடத்தும். அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி விரலை வேகவைத்துவிடும்.