மாணவர் தொழில்நுட்பத் திட்டமிடல்

மாணவர் தொழில்நுட்பத் திட்டமிடல் என்பது பள்ளி மாணவர்கள் தாமே ஒரு சிக்கலைத் தெரிந்தெடுத்து, அதற்கான கருவியையோ மென்பொருளையோ வடிவமைத்து, உருவாக்கி, சோதித்து, பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதற்கான முன்னேற்பாடு ஆகும். இதில் ஆசிரியர் வழிகாட்டியாக மட்டும் இருப்பார். முடிவுகளை மாணவர் குழுவே எடுக்கும். இந்தியாவில் 2016 இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்க இயக்கம், 6 முதல் 12 ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காகப் பள்ளிகளில் ஆய்வுக்கூடங்களை அமைக்க நிதியுதவி அளித்து, இத்தகைய முயற்சிகளுக்கு வழி செய்தது.

எடுத்துக்காட்டு: ஆசாதிசாட்

சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் ஒருங்கிணைப்பில், 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் ஆசாதிசாட் என்னும் சிறு செயற்கைக்கோளின் உருவாக்கத்தில் பங்கேற்றனர். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் இவர்களுள் அடங்குவர். ஏறத்தாழ 8 கிலோகிராம் எடையுள்ள இச்செயற்கைக்கோளில் 75 சிறு கருவிகள் பொருத்தப்பட்டன. பணி பள்ளிவாரியாகப் பகிரப்பட்டதே இத்திட்டத்தின் சிறப்பு.

2022 ஆகத்து 7 அன்று இது எஸ்.எஸ்.எல்.வி-டி1 ஏவுகலத்தில் ஏவப்பட்டது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட குறுகிய நேர அதிர்வைக் கண்ட ஏவுகல மென்பொருள், முடுக்கமானிகள் பழுதடைந்துவிட்டதாகக் கருதியது. இதனால் செயற்கைக்கோள் 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் பதிலாக 356 × 76 கி.மீ. நீள்வட்டப் பாதையில் விடப்பட்டு, வளிமண்டலத்தில் வீழ்ந்து அழிந்தது. மாணவிகளின் பணியில் குறையேதும் இல்லாதபோதும் அவர்களது உழைப்பு வீணாயிற்று. எனினும் ஆறு மாதங்களுக்குப் பின், 2023 பெப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 எஸ்.எஸ்.எல்.வி-டி2 மூலம் 450 கி.மீ. சுற்றுப்பாதையை அடைந்தது. தோல்விக்குப் பின் மீண்டும் செய்வதற்கான இடமும் திட்டத்தில் இருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

திட்டமிடலின் படிகள்

* சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்.
* செய்யப்போவதையும் செய்யாமல் விடுவதையும் வரையறுத்தல்.
* வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, கணக்கு ஆகிய பொறுப்புகளைப் பகிர்தல்.
* தேர்வு நாட்களையும் விடுமுறைகளையும் கழித்துக் கால அட்டவணை அமைத்தல்.
* கருவி தவறாக அளந்தால் அதனைக் கண்டறியும் முறையை முன்கூட்டியே முடிவு செய்தல்.
* அடுத்த வகுப்பினர் தொடரும் வகையில் ஆவணப்படுத்தல்.

கொல்லி மலையில் ஒரு மாதிரித் திட்டம்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லி மலையிலுள்ள திண்ணனூர் நாடு போன்ற ஊர்களில் வேளாண்மை பெரிதும் மழையைச் சார்ந்தது. மலைப்பகுதியில் அருகருகே உள்ள ஊர்களிலும் மழையளவு வேறுபடும். எனவே இங்குள்ள பள்ளிக்குத் தானியங்கி மழைமானி பொருத்தமான திட்டமாக அமையும்.

16 செ.மீ. விட்டமுள்ள புனலின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 201 சதுர செ.மீ. ஆகும். ஆகவே 1 மி.மீ. மழைக்கு ஏறத்தாழ 20 மி.லி. நீர் சேரும். புனலின் கீழுள்ள சிறு கிண்ணம் 4 மி.லி. நிறைந்தவுடன் கவிழுமாறு அமைத்தால், ஒவ்வொரு கவிழ்வும் 0.2 மி.மீ. மழையைக் குறிக்கும். கிண்ணத்தில் ஒட்டிய காந்தம் ஒரு காந்த ஆளியைக் கடக்கும்போது நுண்கட்டுப்படுத்தி அதனை எண்ணிக்கொள்ளும்.

மூடுபனி நாட்களில் சூரிய மின்கலம் குறைவாகவே மின்னாற்றல் தரும். ஆதலால் மின்கல அடுக்கின் கொள்ளளவை வெயிலற்ற நாட்களைக் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும். கைப்பேசி அலைத்தொடர்பு துண்டிக்கப்படக்கூடிய இடத்தில் தரவை முதலில் நினைவக அட்டையில் சேமிப்பது பாதுகாப்பானது.

இலை, சிலந்தி வலை போன்றவை புனலை அடைத்தால் கருவி மழையே இல்லை எனக் காட்டும். அதனைக் கண்டறிய, அருகில் ஒரு சாதாரண மழைமானியை வைத்து, இந்திய வானிலை ஆய்வுத் துறை பின்பற்றும் காலை 8.30 மணிக்கு நாள்தோறும் அளந்து ஒப்பிடலாம். விடுமுறை நாட்களில் அளப்பவர் யார் என்பதும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். தவறான அளவை நம்பி ஓர் உழவர் விதைத்தால், இழப்பு அவருடையதே ஆகும். ஆகையால் ஒப்பீடு முடியும்வரை அளவுகளை ஊருக்கு அறிவிக்காதிருத்தல் நன்று.

இவற்றையும் பார்க்க

* கொல்லி மலை
* மழைமானி
* செயற்கைக்கோள்