நியாயம் கேட்போம், அடையாளம் காட்ட வேண்டாம்



எங்கேயோ ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்ததுன்னு கேட்டாலே நமக்கு வயிறு எரியுது. உடனே அவள் போட்டோவோட "நீதி வேண்டும்"னு எழுதி செல்போனில் பத்துப் பேருக்கு அனுப்பிடுறோம். நல்ல மனசோடதான் செய்யுறோம். ஆனா அதே போட்டோ அவளைப் பெத்த தாயோட போனுக்கும் வந்து சேரும். தங்கச்சி படிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். இதை யோசிச்சோமா?

அப்போ, பேச நமக்கு உரிமை இல்லையா? நிச்சயம் உண்டு. அரசியல் சாசனத்தின் 19வது பிரிவு பேச்சுரிமை தருகிறது. கண்ணியம், அவதூறு போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

* பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. முன்பு இது இ.பி.கோ. 228ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 72வது பிரிவு.

* குழந்தை என்றால் 2012 போக்சோ சட்டப்படி பெயர், முகவரி, போட்டோ, குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எதையும் வெளியிடக் கூடாது.

* பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் பெயரைச் சொல்லக் கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தார் சம்மதம் மட்டும் போதாது. அவசியமா என்பதை செஷன்ஸ் நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும்.

2019ல் பொள்ளாச்சி வழக்கில் அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் வந்துவிட்டது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. அரசாங்கத்துக்கே இந்த நிலைன்னா, நாம எவ்வளவு கவனமா இருக்கணும்!

பெயர் சொல்லாட்டி போராட்டம் நிக்குமா? நிக்காது. அதே வழக்கில் 2025 மே மாதம் 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. பாதிக்கப்பட்டவங்களை ஊர் அறியணும்னு அவசியமே இல்லை. பெயரை மறைப்பது அவங்க தப்பு செஞ்சாங்கன்னு இல்லை. அவங்களும் குடும்பமும் நாளைக்கு நிம்மதியா வாழணும்னுதான்.

நாம் செய்ய வேண்டியது:

போலீஸ் நடவடிக்கை எடுக்கலையா, தைரியமா கேளுங்க. மனு கொடுங்க, ஊர்வலம் போங்க. போட்டோ, வீடியோ வந்தால் யாருக்கும் அனுப்பாதீங்க. அனுப்பினவங்களிடம் அழிக்கச் சொல்லுங்க. இணையக் குற்றங்களைப் புகார் செய்ய 1930, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படிச்சுப் பேசுங்க. "பாதிக்கப்பட்டவர் படத்தை அனுப்ப மாட்டோம்"னு தீர்மானம் போட்டு, நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.