பழைய எண்ணெய்க்கும் ஒரு பரீட்சை



வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாய்க்காலில் ஊற்றுகிறீர்களா? அல்லது மறுநாள் புது எண்ணெயோடு கலந்து திரும்பவும் தாச்சியில் வைக்கிறீர்களா? நான் இரண்டையும் செய்தவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2009இல் கணவரை இழந்த பிறகு, கிளிநொச்சியில் வீதியோரமாக ஒரு சிற்றுண்டிக் கடை போட்டு இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன். வடை, ரோல்ஸ், பற்றிஸ் இவைதான் எங்கள் சோறு. வாரத்துக்கு நாலைந்து லீற்றர் எண்ணெய் மிஞ்சும். ஒரு வியாபாரி வந்து கானோடு வாங்கிப் போவார். எதற்கென்று நான் கேட்டதில்லை. கையில் வந்த காசு பிள்ளைகளின் கொப்பிக்கு உதவியது.

2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். என் தங்கையின் மகன் லான்ட்மாஸ்டர் ஓட்டி உழைப்பவன். மூன்று நாள் வரிசையில் கிடந்தும் வெறுங்கானோடு வந்தான். “பெரியம்மா, உங்கட பழைய எண்ணெயில டீசல் செய்யலாமாம்” என்றான். 1990களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதைக் கண்ட எனக்கு அது நம்பமுடியாத கதையாகத் தெரியவில்லை.

சட்டியில் வந்தது சவர்க்காரம்

அவன் என் எண்ணெயோடு, ஒரு சாப்பாட்டுக் கடையில் வாங்கிய கறுத்த எண்ணெயையும் கலந்தான். யாரோ சொன்ன கணக்கில் மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்தான். கலக்க எடுத்தது என் அலுமினியச் சட்டியை. சட்டி நுரைத்துக் கறுத்தது. விடிய எழும்பிப் பார்த்தால் டீசலைக் காணோம், சட்டி நிறைய சவர்க்காரக் கூழ். மெதனோலுக்குக் கொடுத்தது என் இரண்டு நாள் வருமானம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பின்னேரம் காத்திருந்தது. மிஞ்சிய மெதனோலை அவன் சோடாப் போத்தலில் ஊற்றி, குசினித் தட்டில் வைத்திருந்தான். பார்க்கத் தண்ணீர் மாதிரி. பள்ளிக்கூடம் விட்டுத் தாகத்தோடு வந்த என் மகள் மூடியைத் திறந்துவிட்டாள். மணம் பிடிக்காமல் “அம்மா, இது என்ன?” என்று கேட்டபடியால் பிழைத்தாள். மெதனோல் கொஞ்சம் உள்ளே போனாலும் கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. போர் முடிந்தும் என் குசினிக்குள் நானே ஒரு குண்டை வைத்திருந்தேனே என்று அழுதேன்.

ரீச்சர் சொன்ன விளக்கம்

மறுநாள், ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர் ஒருவரிடம் இருவரும் போனோம். ஏசுவார் என்று பயந்தேன். அவர் ஏசவில்லை.

“பிள்ளை, தாவர எண்ணெயில் இயந்திரம் ஓடுவது புதினமில்லை. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரத்தைக் கச்சான் எண்ணெயில் ஓட்டிக் காட்டினவை. ஆனால் பரீட்சை செய்யாமல் பழைய எண்ணெயைத் தொடக்கூடாது” என்றார்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது அது உடைந்து கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. கோஸ்டிக் சோடா முதலில் அந்த அமிலத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகிவிடும். தண்ணீர் இருந்தால் சவர்க்காரம் இன்னும் கூடும். ஆகவே இரண்டு பரீட்சைகள் தேவை.

முதலாவது தண்ணீர்ப் பரீட்சை. கொஞ்ச எண்ணெயைத் தாச்சியில் மெல்லச் சூடாக்க வேண்டும். படபடவென வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் இளஞ்சூடாக்கிச் சில நாட்கள் அசையாமல் வைத்து, அடியில் தங்குவதை நீக்க வேண்டும்.

இரண்டாவது அமிலப் பரீட்சை. பள்ளிக்கூடத்தில் இதை நியமிப்பு என்பார்கள். ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் கோஸ்டிக் சோடாவைக் கரைக்க வேண்டும். நிறுப்பதற்கு நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசு வேண்டும். வேறொரு கண்ணாடிப் பாத்திரத்தில் 10 மி.லீ. ஐசோபுரோப்பைல் அல்ககோலோடு 1 மி.லீ. எண்ணெயைக் கலந்து, பினோப்தலீன் சில துளிகள் விட வேண்டும். அது இல்லாவிட்டால் அல்ககோலில் ஊறவைத்த மஞ்சள் தூளின் சாறும் உதவும். பிறகு ஊசியில்லாத சிறிஞ்சினால் சோடா நீரைத் துளித்துளியாக விட்டுக் கலக்க வேண்டும். பினோப்தலீன் என்றால் இளஞ்சிவப்பாகவும், மஞ்சள் என்றால் செம்மண் நிறமாகவும் மாறி, அந்த நிறம் பத்துப் பதினைந்து செக்கன் நிலைக்கும்போது நிறுத்திவிட வேண்டும்.

எத்தனை மி.லீ. போனதோ, ஒரு லீற்றர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் சோடா கூடுதலாகத் தேவை. புது எண்ணெய்க்கே 3.5 கிராம் வேண்டும். அதோடு இதைக் கூட்ட வேண்டும்.

என் எண்ணெய்க்கு 2 மி.லீ. போனது. ஆகவே லீற்றருக்கு 5.5 கிராம். அந்தக் கடையின் எண்ணெயோ 8 மி.லீ. குடித்தது. “இது டீசலுக்கும் கூடாது, வயிற்றுக்கும் கூடாது” என்றார் ரீச்சர்.

ரீச்சரின் முற்றத்தில், அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு என் எண்ணெய் 5 லீற்றரை மட்டும் செய்து பார்த்தார்கள். மெதனோல் 1 லீற்றர், சோடா 27.5 கிராம். காலையில் அடியில் கிளிசரின் கறுப்பாகவும், மேலே எரிபொருள் தெளிந்த மஞ்சளாகவும் பிரிந்திருந்தன. மேலே நின்றதை எடுத்து, தண்ணீரால் கழுவி, ஈரம் போகவிட்டு, கிடைத்த டீசலோடு கலந்து ஊற்றினான். லான்ட்மாஸ்டர் ஓடியது. வயலெல்லாம் வடை வாசம்!

பிறகு நான் எடுத்த முடிவு

அந்த ஐந்து லீற்றர் சில மணித்தியால உழவுக்கே காணும். மெதனோல் விலையையும் ஆபத்தையும் பார்த்து, வீட்டில் இதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். எங்கள் வெயிலில் மெதனோலின் ஆவி ஒரு சிறு பொறிக்கே தீப்பிடிக்கும். அதன் சுவாலை பகலில் கண்ணுக்கே தெரியாது. சகோதரிகளே, நீங்களும் குசினியில் முயலவேண்டாம். எந்த இரசாயனத்தையும் குடிபானப் போத்தலில் வைக்கவேண்டாம். கோஸ்டிக் சோடா தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியவுடன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆனால் அந்தப் பரீட்சை என்னை விட்டுப் போகவில்லை. 8 மி.லீ. குடித்த எண்ணெயில் பொரித்ததை யாரோ ஒரு பிள்ளை சாப்பிட்டிருக்கும். நான் விற்ற எண்ணெய் எந்தத் தாச்சிக்குப் போனதோ? அடுத்த முறை வந்த வியாபாரியிடம் முதல்தடவையாகக் கேட்டேன். நேரான பதில் வரவில்லை. கானை நான் கொடுக்கவில்லை.

இப்போது எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகையத் தொடங்கினால் ஒதுக்கிவிடுகிறேன். மாதம் ஒருமுறை ரீச்சர் வீட்டில் பரீட்சை செய்கிறோம். ஒதுக்கியதில் சவர்க்காரம் காய்ச்ச ரீச்சரிடமே பழகுகிறேன். இலாபம் கொஞ்சம் குறைந்ததுதான். என்றாலும் என் மகள் கடையில் ஒரு வடையை எடுத்துக் கடிக்கும்போது நான் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.