கால் நிற்கச் சொல்லும்... மனம் ஓடச் சொல்லும்!

வடலூரில் என் வைத்தியசாலைக்கு ஓர் இளைஞர் வந்தார். முழங்காலில் வலி. விசாரித்தேன்.

"அம்மாவைப் புற்றுநோயில பறிகொடுத்துட்டேன் ஐயா. அந்த நோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட மாரத்தான் ஓடப் பேர் கொடுத்திருக்கேன். ஆனா பத்து கிலோமீட்டர் தாண்டினா, 'போதும்டா'ன்னு மனசு உட்கார்ந்துடுது. ஏதாச்சும் லேகியம் இருக்கா?"

சிரித்துவிட்டேன். இத்தனை வருஷமாக லேகியம் கிண்டுகிறேன். மன உறுதிக்கு ஒரு லேகியம் இன்னும் என் கைக்கு வரவில்லை! அவருக்கு ஒரு கதைதான் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸ். 1977-ல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தன்னைச் சுற்றிச் சின்னக் குழந்தைகள் படும் அவஸ்தையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகங்கள் அவரை விடவில்லை. 1980 ஏப்ரல் 12-ல் அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். தினமும் கிட்டத்தட்ட 42 கிலோமீட்டர், அதாவது நாளுக்கொரு மாரத்தான்!

எப்படி முடிந்தது? நாடு முழுவதையும் அவர் ஒரேயடியாக நினைக்கவில்லை. அடுத்த கம்பம், அடுத்த திருப்பம்... அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்கு நம் ஊருக்குப் பாதயாத்திரை வருகிறவர்களைப் பாருங்களேன். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வருகிறவர் சோர்ந்து போகிறார். "அடுத்த தண்ணீர்ப் பந்தல் வரைக்கும் போவோம்" என்கிறவர் வந்து சேர்ந்துவிடுகிறார்!

நீங்களும் ஓடப் போகிறீர்களா? சில யோசனைகள்:

* தூரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.
* யாருக்காக ஓடுகிறீர்களோ, அவரைக் கடைசி கிலோமீட்டர்களுக்கென்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கால் கனக்கும்போது கைகொடுக்கும்.
* வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்காதீர்கள். உப்புப் போட்ட மோர், நீராகாரம் பயிற்சி நாட்களில் நல்லது. ஓட்டத்தன்று மட்டும் வயிற்றுக்குப் பழக்கமில்லாத எதுவும் வேண்டாம்.
* நெஞ்சுவலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நின்றுவிடுங்கள். அது கோழைத்தனம் அல்ல!

டெரியும் நின்றார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, செப்டம்பர் 1-ல் இருமலும் நெஞ்சுவலியும் அவரை நிறுத்தின. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28-ல், 22 வயதில் காலமானார். ஆனால் அதற்குள், கனடா மக்கள் தலைக்கு ஒரு டாலர் தரவேண்டும் என்ற அவர் ஆசை நிறைவேறி, 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அவர் பெயரில் பல நாடுகளில் ஓட்டம் நடக்கிறது, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது.

சித்த வைத்தியனாக ஒரு வார்த்தை. ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, காரணமில்லாத இரத்தப்போக்கு என்று என்னிடம் வருகிறவர்களை, லேகியம் கொடுத்து நாள் கடத்தாமல் புற்றுநோய் மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறேன். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சீக்கிரம் போனால் பிழைக்க வழி அதிகம். புகையிலையை இன்றே விட்டால் இன்னும் நல்லது.

அந்த இளைஞருக்கு முழங்காலில் தடவத் தைலம் கொடுத்து, பத்து நாள் ஓய்வெடுக்கச் சொன்னேன். எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த புளியமரம் வரைக்கும்தானே ஐயா?"

"அவ்வளவுதான் தம்பி!"