உப்புக் காற்றும் குளிர் அறையும்

சித்திரை வெயில் முதிர்ந்துவிட்டால் மன்னார்த் தீவில் பகலும் இரவும் ஒரே புழுக்கந்தான். அதன் பின்னர் சோளகக் காற்று கிளம்புகின்றது. தலைமன்னாரிலிருந்து பேசாலை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு வரை மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு அது வீசும்போது யன்னலைத் திறக்கவும் மனம் வருவதில்லை. மூடி வைக்கவும் மனம் வருவதில்லை.

முன்னாளில் பனையோலைக் கூரையும் அகன்ற விறாந்தையும் முற்றத்து வேம்பும் மக்களை இவ்வெக்கையிலிருந்து காத்தன. இன்றோ சீமெந்துச் சுவரும் சீற்றுக் கூரையும் பெருகிவிட்டன. அவற்றைத் தொடர்ந்து ‘ஏ.சி.’ எனப்படும் குளிரூட்டியும் வீட்டினுள் புகுந்துவிட்டது. அதனை வெறும் ஆடம்பரப் பொருள் என்று ஒதுக்கிவிட இயலாது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும், உறக்கமின்றி அழும் பச்சிளங் குழந்தைக்கும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும் அது பேருதவி புரிகின்றது.

அத்தகைய கருவி ஒருநாள் குளிர் தர மறுத்துவிடுகின்றது. உடனே வீட்டில் எழும் பேச்சு என்ன? ‘கேஸ் முடிந்துவிட்டது, நிரப்ப வேண்டும்’ என்பதே. ஆளை அழைக்கின்றோம், பணம் கொடுக்கின்றோம், கேஸ் நிரப்பப்படுகின்றது. அடுத்த கோடையில் மீண்டும் அதே கதை! இவ்வாறு ஆண்டுதோறும் பணம் இறைக்கும் குடும்பங்கள் பல. உண்மையில் நோய் வேறாகவும் மருந்து வேறாகவும் இருப்பதே இதற்குக் காரணம். கருவியின் தொழிலைச் சற்றே அறிந்துகொண்டால் பாதிக் குறைகளை நாமே தீர்த்துக்கொள்ளலாம். மீதிக் குறைகளில் ஏமாறாமல் இருக்கலாம்.

குளிரை உண்டாக்குவதில்லை!

குளிரூட்டி குளிரை உண்டாக்குகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். அது தவறு. அறையினுள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதே அதன் தொழில். வள்ளத்தினுள் புகுந்த நீரைக் கடலோடிகள் இறைத்து வெளியே ஊற்றுவதைக் கண்டிருப்பீர்கள். குளிரூட்டியும் அவ்வாறே வெப்பத்தை இறைக்கின்றது. ஆகவேதான் விஞ்ஞானிகள் இவ்வகைப் பொறிகளை ‘வெப்ப இறைப்பி’ என்ற இனத்துள் அடக்குகின்றனர். ஒரே பொறியைக் கொண்டு ஒரு கட்டடத்தைச் சூடாக்கவும் கூடும், குளிர்விக்கவும் கூடும் என்று வில்லியம் தொம்சன் 1852ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே.

இறைக்கும் வித்தை யாது? மண்பானையில் நீர் குளிர்ந்திருப்பதன் இரகசியமே இங்கும் உண்டு. நீர்மம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்து வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றது. அறையினுள் இருக்கும் பெட்டியின் குழாய்ச் சுருளில் ஒரு நீர்மம் ஆவியாகி, அறையின் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. அவ்வாவியைக் ‘கம்பிரசர்’ என்னும் அமுக்கு பொறி இறுக்கி அமுக்க, அது வெளிக்காற்றைவிட மிகுந்த சூடு அடைகின்றது. வீட்டுக்கு வெளியே உள்ள பெட்டியில் அந்தச் சூட்டை இழந்து மறுபடியும் நீர்மமாகி உள்ளே திரும்புகின்றது. இச்சுழற்சி ஓயாமல் நடைபெறும். ஓர் அலகு மின்சாரத்தைச் செலவிட்டு, ஏறத்தாழ மூன்று அலகு வெப்பத்தை அது வெளியேற்றிவிடும்.

பொறி பிறப்பதற்கு முன் வெப்ப நாட்டு மக்கள் குளிருக்காகக் கடல் கடந்து கையேந்த வேண்டியிருந்தது. அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி அனுப்பிய வணிகர் பிரெடரிக் தூடர், அதனைச் சேமித்து வைப்பதற்காகச் சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டில் கட்டுவித்த ‘ஐஸ் ஹவுஸ்’ இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகின்றது. அந்தப் பனிக்கட்டிக் காலத்தின் நினைவு குளிரூட்டியின் அளவையிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ‘ஒரு தொன் ஏ.சி.’ என்றால் அதன் எடை ஒரு தொன் அன்று. ஒரு தொன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அது அகற்றும் என்பதே பொருள். மீன்பெட்டியில் பனிக்கட்டி நிரப்பிப் பழகிய மன்னார் மக்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

முதலுதவி

இனி, கருவி குளிர் தராதபோது செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலில் கைப்பெட்டியான ‘ரிமோட்’டைப் பாருங்கள். குழந்தைகள் பொத்தானைத் தட்டிவிட்டால், குளிர்விக்கும் நிலை மாறி வெறுங் காற்று வீசும் நிலைக்கோ ஈரம் அகற்றும் நிலைக்கோ சென்றிருக்கலாம். சில கருவிகளில் சூடாக்கும் நிலையும் உண்டு! குறித்துள்ள வெப்பநிலை அறையின் வெப்பநிலையிலும் குறைவாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, மின்வெட்டுக்குப் பின் நேரும் மயக்கம். மின்சாரம் திரும்பியதும் காற்று வரும், குளிர் வராது. இது பழுதன்று. குழாயின் இரு பக்கத்து அழுத்தமும் சமனாகும் வரை, ஏறக்குறைய மூன்று நிமிடம், கம்பிரசர் காத்திருக்கும்படி பெரும்பாலான கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. பொறுமையின்றிப் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதால் பயனில்லை.

அதன் பின்னும் கருவி குழம்பிய நிலையில் நின்றால், ரிமோட்டால் அதனை அணைத்து, அதற்குரிய சுவிட்சையும் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் போடுங்கள். உள்ளிருக்கும் மின்னணு மூளை தன் பழைய குழப்பத்தை மறந்து புதிதாகத் தொடங்கும். விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ எழுத்தும் எண்ணும் தோன்றினாலோ, அணைக்குமுன் அதனைக் குறித்து வையுங்கள். அது கருவி தன் நோயைத் தானே சொல்லும் மொழி. ஆனால் ஒன்று: ‘ட்ரிப் சுவிட்ச்’ தானாக விழுந்து, ஒருமுறை தூக்கியும் மறுபடி விழுந்தால், அதனோடு பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மின்கசிவோ வேறு கோளாறோ இருத்தல் கூடும். கைதேர்ந்தவரை அழைப்பதே உயிருக்கு நன்று.

மூன்றாவது, உட்பெட்டியின் வடிகட்டி. மணற்காற்று வீசும் ஊரில் அது இரண்டு வாரத்திலேயே தூசியால் அடைபட்டுவிடும். அதனைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுவதற்குக் கால் மணி நேரம் போதும். அடைபட்ட வடிகட்டியால் காற்றோட்டம் குன்றினால், குழாய்ச் சுருளின்மேல் பனிக்கட்டி படர்ந்து, குளிர் மேலும் குறையும். அவ்வாறு படர்ந்தால், குளிர்விப்பதை நிறுத்திக் காற்றை மட்டும் ஓடவிட்டு அதனை உருகச் செய்யுங்கள். கத்தியாலோ கம்பியாலோ சுரண்டினால் குழாய் துளைபட்டுவிடும்.

உப்பு என்னும் பகைவன்

இவை எல்லா ஊருக்கும் பொது. மன்னாருக்கென்றே சிறப்பாக ஒரு பகைவன் உண்டு, அவன்தான் உப்பு.

வெளிப்பெட்டியில் செப்புக் குழாய்களும், அவற்றைத் தழுவி மெல்லிய அலுமினியத் தகடுகளும் அமைந்திருக்கின்றன. கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு கலந்து இவ்விரு உலோகங்களின் மேலும் படியும்போது, மின்கலத்தில் நிகழ்வது போன்ற இரசாயன மாற்றம் நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படுகின்றது. தகடுகள் வெண்பொடியாய் உதிர, இடைவெளிகளை உப்பும் மணலும் அடைத்துக்கொள்ள, வெப்பம் வெளியேறும் வாசல் மூடப்படுகின்றது. இறைத்த நீர் வெளியே விழாமல் வள்ளத்தினுள்ளேயே விழுந்தால் இறைத்து என்ன பயன்? கம்பிரசர் மூச்சுத் திணறி ஓடும், மின்பட்டியல் ஏறும், அறையோ குளிராது. கேஸ் முழுமையாக இருந்தும் இந்நிலை நேரும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஆதலால் வெளிப்பெட்டியைக் கடற்காற்று நேரே மோதும் சுவரில் பொருத்தலாகாது. வீட்டின் மறுபுறத்தில், நிழலில், முன்னும் பின்னும் காற்றுச் செல்ல இடம் விட்டுப் பொருத்த வேண்டும். அழகுக்காக அதனை ஒரு கூண்டினுள் அடைப்பதும், அதன்மேல் துணி உலர்த்துவதும் பெருந்தவறு. புதிதாக வாங்குவோர் அரிமானம் தாங்கும் பூச்சுடைய தகடுகள் உள்ளனவா என்று கேட்டு வாங்கலாம்.

படிந்த உப்பைப் போக்க ஒரே வழி நன்னீரால் கழுவுவதுதான். இங்கேதான் மன்னாரின் பழைய துன்பம் குறுக்கிடுகின்றது. தீவின் பல கிணறுகளில் நீர் உவர்ப்பு. உவர்நீரால் கழுவினால் பகைவனை விருந்துக்கு அழைத்ததாக முடியும். குழாய் நீரை வீண்செய்யவும் மனம் வராது. என்ன செய்வது?

அதற்குரிய நீரைக் கருவியே தருகின்றது! அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுருளில் பனித்துளிபோல் படிந்து ஒரு சிறு குழாய் வழியே வெளியே சொட்டுகின்றதன்றோ? அந்நீரில் உப்பு அநேகமாக இல்லை. அதை ஒரு வாளியில் பிடித்தால் கரையோரப் புழுக்கத்தில் நாளொன்றுக்குப் பல லீற்றர் சேரும். குடிப்பதற்கு ஆகாது, கழுவுவதற்கு மிக நன்று. இரண்டு வாரத்துக்கொருமுறை சுவிட்சை நிறுத்திவிட்டு, மின்கம்பிகள் இணையும் பக்கத்தில் படாதவாறு, தகடுகளின்மேல் அந்நீரை மெல்ல ஊற்றுங்கள். வேகமாகப் பாய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். நன்கு உலர்ந்த பின்னரே சுவிட்சைப் போடுங்கள். பெட்டியின் மூடியை மட்டும் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் மின்னேற்றம் சேமித்து வைக்கும் உறுப்பு அதிர்ச்சி தர வல்லது.

‘கேஸ்’ உண்மையில் தீருமா?

தீராது. மோட்டார் சைக்கிள் பெற்றோல் எரிப்பதுபோல் குளிரூட்டி கேஸை எரிப்பதில்லை. மூடிய குழாயினுள் அதே வாயுவே ஆண்டுக்கணக்காகச் சுழல்கின்றது. அது குறைந்தால் எங்கோ கசிவு இருக்கின்றது என்பதே பொருள். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுபோல், கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது வீண். உப்பு அரித்த குழாயிலோ இணைப்பிலோ எண்ணெய்க் கறை தென்படுமாயின் அவ்விடத்தைச் சந்தேகிக்கலாம்.

ஆகவே வேலைக்கு வருபவரிடம் மூன்று வினாக்களைப் பணிவாகக் கேளுங்கள்: கசிவு எங்கே? அதனை அடைத்த பின் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பினால் அகற்றுவீர்களா? கருவியில் எழுதியுள்ள அதே வகைக் கேஸை நிறுத்து அளந்து நிரப்புவீர்களா? நல்ல தொழிலாளி இவ்வினாக்களை வரவேற்பார்.

இது பணத்தைப் பற்றிய விஷயம் மாத்திரமன்று. பழைய கருவிகளிலுள்ள ஆர்-22 என்னும் வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது. அத்தகைய வாயுக்களைக் கைவிட வழிவகுத்ததே 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை. புதியனவற்றுள் ஒன்றான ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும் பூமியைச் சூடாக்கும் இயல்பும், ஓரளவு தீப்பற்றும் இயல்பும் அதற்கு உண்டு. எனவே எந்தக் கேஸையும் காற்றில் திறந்துவிடுதல் தகாது.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

வீட்டில் வெப்பமானி இருக்குமாயின், கருவி கால் மணி நேரம் ஓடிய பின், அது உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் வெளிவிடும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய 8 முதல் 12 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருப்பின் கருவி நலமாகவே உள்ளது. காற்றில் ஈரம் மிகுந்தால் சற்றுக் குறையலாம். வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லையென்றால், குற்றம் கருவியிலன்று, அறையில்! யன்னல் இடுக்கும், வெயில் காயும் கூரையும், திரையில்லாக் கண்ணாடியும் இறைக்க இறைக்க வெப்பத்தை உள்ளே விடுகின்றன. அவற்றைச் சீர்செய்யுங்கள்.

வெப்பநிலையை 18 என்று வைத்தால் அறை விரைவில் குளிரும் என்பதும் மயக்கமே. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் அறைக் குளிரூட்டிகள் 24 பாகையில் தொடங்குமாறு விதிக்கப்பட்டுள்ளது. ஒரு பாகை உயர்த்தினால் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது அந்நாட்டு எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 26 பாகையில் வைத்து, மின்விசிறியையும் மெல்ல ஓடவிட்டால் உடலுக்கும் இதம், பணப்பைக்கும் இதம். அலகு கூடக் கூட விலையும் ஏறும் நம் நாட்டு மின்பட்டியலில் இது சிறிய இலாபமன்று.

2022ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் இருந்த நாம், மின்சாரத்தின் அருமையை நன்கு அறிவோம். நம் தகடுகளை அரிக்கும் இதே காற்றுத்தான், 2020 டிசம்பரில் தொடங்கப்பெற்ற ‘தம்பபவனி’ காற்றாலைகள் முப்பதையும் மன்னாரின் தென்கரையில் சுழற்றி மின்சாரம் தருகின்றது. தீவில் மேலும் காற்றாலைகள் வேண்டுமா என்பதில் மக்களிடையே கடும் வாதம் உண்டு; அது தனியே பேச வேண்டிய விஷயம். பெற்ற மின்சாரத்தை வீணாக்கலாகாது என்பதில் இரு கருத்து இருக்க இயலாது.

ஆகவே அடுத்த முறை அறை குளிரவில்லையென்றால் பணப்பையைத் திறக்குமுன் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். வெளிப்பெட்டியின் உப்பைப் பாருங்கள். வெப்பம் வெளியேற வழி இருக்கின்றதா என்று முதலில் நோக்குங்கள். வழி திறந்துவிட்டால் குளிர் தானே வந்து சேரும்.